ஆயிரத்தோடு நின்ற திரை
(வாசகர் கேள்வி - பதில்)

அமெரிக்காவில் சிவில் வழக்கு என்று ஒன்று வந்துவிட்டால், விசாரணை தொடங்கும் முன்பே இரு தரப்பும் தங்களிடம் இருக்கும் சம்பந்தப்பட்ட ஆவணங்களை எதிராளிக்குக் கொடுத்தாக வேண்டும். அதற்கு டிஸ்கவரி என்று பெயர். ஒரு கம்பெனியின் மெயில்கள் மட்டுமே பத்து லட்சம், இருபது லட்சம் என்று போகும். அவற்றை ஆன்லைன் மென்பொருளில் ஏற்றி, ஒவ்வொன்றாகப் படித்து, எதைக் கொடுப்பது, எதை நிறுத்துவது என்று குறிக்கிற வேலையில் ஒரு பங்கு சென்னையிலும் நடக்கிறது. அந்தக் குழுக்களை நடத்தியவன், இப்போது புதியவர்களுக்குப் பயிற்சி தருபவன் என்ற முறையில் போன இதழில் இதைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கேள்விகளில் சில இங்கே.

சட்டக் கல்லூரி மாணவி, திருநெல்வேலி: சென்னையில் ஒரு நிறுவனம் 'டாகுமென்ட் ரிவ்யூவர்' வேலைக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. அப்பாவோ, "இது டேட்டா என்ட்ரிதானே, இதுக்கா அஞ்சு வருஷம் படிச்சே?" என்கிறார். நாள் முழுக்க என்னதான் செய்ய வேண்டியிருக்கும்? இது வக்கீல் தொழில் ஆகுமா?

அப்பாவின் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. மீதியைச் சொல்கிறேன்.

ஷிஃப்ட் தொடங்கியதும் ஒரு 'பேட்ச்' எடுத்துக்கொள்வீர்கள். ஐம்பதோ நூறோ ஆவணங்கள் சேர்ந்த கட்டு அது. மென்பொருள் பிரவுசரிலேயே ஓடும். எந்த ஆவணமும் உங்கள் கணினியில் இறங்காது. செல்போனை வெளியே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் பல இடங்களில் உள்ளே விடுவார்கள். திரையில் ஒரு பக்கம் பட்டியல், நடுவில் ஆவணம், இன்னொரு பக்கம் கோடிங் பேனல். இந்த ஆவணம் வழக்குக்குச் சம்பந்தப்பட்டதா, எந்தப் பிரச்சினையைத் தொடுகிறது, வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான ரகசியமா, வழக்கையே புரட்டிப்போடக்கூடிய 'ஹாட் டாக்குமென்ட்' வகையா என்று அந்தப் பேனல் கேட்கும். டிக் செய்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். எந்த அடிப்படையில் டிக் செய்வது என்று அமெரிக்க வக்கீல்கள் ஒரு புரோட்டோகால் அனுப்பியிருப்பார்கள். அதைக் கரைத்துக் குடிக்காமல் உட்காரக் கூடாது.

பயிற்சி வகுப்பில் நான் வழக்கமாகக் கொடுக்கும் ஒரு மாதிரி மெயிலைப் பாருங்கள். பம்பு செய்யும் கம்பெனி. பம்பு வெடித்ததால் வழக்கு. இன்ஜினியர் மேலாளருக்கு எழுதுகிறார்: "சீல் விஷயம் நேற்று பேசினோமே, அதே கதைதான். டெஸ்ட் ரிப்போர்ட் இணைத்திருக்கிறேன்." சிசியில் கம்பெனி வக்கீல் பெயர் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் வக்கீல் பெயரைப் பார்த்த மாத்திரத்தில் 'ப்ரிவிலேஜ்', அதாவது வக்கீல் ரகசியம், என்று டிக் செய்துவிடுவார்கள். வக்கீலுக்கு ஒரு நகல் போய்விட்டது என்பதற்காக எதுவும் ரகசியமாகிவிடாது. சட்ட ஆலோசனை கேட்கவோ சொல்லவோ எழுதியதா என்றுதான் பார்க்க வேண்டும். இது தொழிற்சாலைச் சமாச்சாரம். சரி, மேலாளர் இதே மெயிலை வக்கீலுக்குத் தட்டிவிட்டு, "இதை கஸ்டமரிடம் சொல்லியே ஆகணுமா?" என்று ஒரு வரி சேர்க்கிறார். அந்த வரி ரகசியம். ஆனால் அதற்குக் கீழே தொங்கும் பழைய மெயில்? கூடவே போன டெஸ்ட் ரிப்போர்ட்? மெயிலையும் இணைப்பையும் மென்பொருள் ஒரே 'ஃபேமிலி'யாகக் கட்டி வைத்திருக்கும். ஏற்கெனவே இருக்கும் ரிப்போர்ட் வக்கீல் கைக்குப் போய் வந்ததால் ரகசியமாவதில்லை. ஆகவே மேல் வரியை மட்டும் கறுப்படித்துவிட்டு மற்றதைக் கொடுக்க வேண்டியிருக்கும். இத்தனையையும் ஓரிரு நிமிஷத்தில் முடிவு செய்துவிட்டு அடுத்ததற்குப் போகிறீர்கள். டேட்டா என்ட்ரியில் இந்த யோசனைக்கு இடமில்லை என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

அலுப்பு இல்லையா என்றால், நிறைய உண்டு. கேன்டீன் மெனு, பிறந்தநாள் கேக், 'நான் லீவில் இருக்கிறேன்' என்ற தானியங்கிப் பதில்கள் என்று ஒரு நாள் முழுக்கப் போகும். அதற்கு நடுவில்தான் அந்த பம்பு மெயில் வந்து நிற்கும்.

இது வக்கீல் தொழிலா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வெளிநாட்டு வக்கீல்கள் இங்கே தொழில் செய்யலாமா என்பது பற்றிய ஏ.கே. பாலாஜி வழக்கில் 2012 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம், பிபிஓ (வெளியாருக்காக வேலை செய்து தரும்) நிறுவனங்கள் செய்யும் உதவி வேலைகள் வக்கீல்கள் சட்டத்துக்குள் வராது என்றது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைக் கொஞ்சம் இறுக்கியது: பெயர் எதுவாக இருந்தாலும், உள்ளே நடப்பது சாராம்சத்தில் வக்கீல் தொழில்தான் என்றால் சட்டம் பொருந்தும். உங்களுக்கு நேரடியாக உறைக்கப்போவது பார் கவுன்சிலின் விதி 49. முழு நேரச் சம்பள வேலையில் சேர்ந்தால் பார் கவுன்சிலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு பிராக்டிஸை நிறுத்த வேண்டும். கோர்ட்டுக்குப் போகும் ஆசை இருந்தால் இதை இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா, கோயம்புத்தூர்: நாலு வார்த்தை போட்டுத் தேடினால் வேண்டிய ஆவணம் வந்துவிடாதா? இதற்கு எதற்கு இத்தனை பேர்?

ஐயா, உங்கள் கேள்விக்கு 1985லேயே சோதனை செய்து பதில் சொல்லிவிட்டார்கள். டேவிட் பிளேர், எம்.இ. மேரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள். ஒரு பெரிய வழக்கின் 40,000 ஆவணங்கள், ஏறக்குறைய 3,50,000 பக்கங்கள், ஐபிஎம்மின் ஸ்டேர்ஸ் என்ற தேடல் மென்பொருளில் இருந்தன. வழக்கை நடத்திய வக்கீல்கள் என்ன வேண்டும் என்று சொல்ல, அவர்களுடைய உதவியாளர்கள் தேடிக் கொடுத்தார்கள். சம்பந்தப்பட்டவற்றில் 75 சதவீதமாவது கிடைத்துவிட்டது என்று வக்கீல்களுக்குத் திருப்தி வரும்வரை தேடல் நடந்தது. பிறகு, கிடைக்காத குவியலிலிருந்து மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். உண்மையில் கிடைத்திருந்தது சுமார் 20 சதவீதம்.

அந்த வக்கீல்களைக் குறை சொல்ல முடியாது. வழக்கோ ஒரு விபத்தைப் பற்றியது. குறை சொல்லி எழுதியவர்கள் அதை 'விபத்து' என்றே எழுதினார்கள். பொறுப்பு ஏற்க வேண்டியிருந்தவர்கள் 'சம்பவம்', 'நிலைமை', 'சிக்கல்' என்று எழுதிவைத்திருந்தார்கள். இன்னும் சில கடிதங்களில் 'தாங்கள் சென்ற கடிதத்தில் குறிப்பிட்ட விஷயம்' என்று மட்டும் இருந்தது. தொழிற்சாலைக்குள் ஒரு கருவிக்கு ஒரு பெயர், ஒப்பந்தக்காரரிடம் அதற்கே வேறு பெயர். குற்றம் மடியில் இருக்கிறவன் அந்த வார்த்தையைப் போட்டா கடிதம் எழுதுவான்? குமாஸ்தாவாக இருந்த உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்றைக்கும் வார்த்தைத் தேடல்தான் முதல் படி. எந்தெந்த வார்த்தை என்று இரு தரப்பு வக்கீல்களும் வாரக்கணக்கில் பேரம் பேசுவார்கள். 'சீல்' என்ற சொல்லுக்கு ஐந்து சொல்லுக்குள் 'கசிவு' வந்தால் எடு என்பது போன்ற நுணுக்கமெல்லாம் உண்டு. ஸ்கேன் செய்த காகிதத்தில் மென்பொருள் எழுத்தைத் தவறாகப் படித்திருந்தால் அதுவும் போச்சு. நம் பெயர்கள் வேறு. சண்முகம் என்ற ஒரே ஆளை ஆங்கில எழுத்தில் மூன்று விதமாக எழுதிவைத்திருப்பார்கள். என் குழுவில் நான் விடாமல் பிடித்த ஒரு பழக்கம், எந்த வார்த்தைக்கும் சிக்காத ஆவணங்களிலிருந்து ஒரு பிடி எடுத்துப் படிக்கச் சொல்வது. அமெரிக்க வக்கீல்கள் சிலருக்கு இது நேர விரயமாகப் படும். படட்டும்.

தனியார் நிறுவன ஊழியர், ஈரோடு: இவ்வளவு பெரிய குவியலில் கொடுக்கக் கூடாத ஆவணம் எதிராளியிடம் போய்விட்டால்?

போயிருக்கிறது. 2017 ஜூலையில் வெல்ஸ் ஃபார்கோ வங்கி விவகாரம் அமெரிக்கப் பத்திரிகைகளில் பெரிதாக அடிபட்டது. வங்கியின் முன்னாள் ஊழியர் ஒருவருக்கும், அங்கேயே வேலை பார்த்த அவருடைய சகோதரருக்கும் இடையில் வழக்கு. வங்கியிடம் சில மெயில்கள் கேட்கப்பட்டன. வங்கிக்காக ஆஜரான வக்கீல் அனுப்பிய சிடியில் 1.4 ஜிபி தகவல். பல்லாயிரம் வாடிக்கையாளர்களின் பெயர், சமூகப் பாதுகாப்பு எண், முதலீட்டு விவரம் எல்லாம் அப்பட்டமாக இருந்தது. அத்தனை பேரும் வசதி படைத்த வாடிக்கையாளர்கள்.

எப்படி நடந்தது என்று அந்த வக்கீல் நீதிமன்றத்தில் சொன்ன விளக்கத்தை என் வகுப்பில் கட்டாயம் வாசிக்க வைப்பேன். அவர் திறந்து வைத்திருந்த 'வியூ' ஒரு சமயத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையைத்தான் காட்டும். அது தெரியாமல் முழுத் தொகுப்பையும் பார்த்து முடித்ததாக நினைத்திருக்கிறார். பார்த்தது முதல் ஆயிரம் மட்டுமே. மற்றவை யார் கண்ணிலும் படாமலே சிடியில் ஏறிவிட்டன. கறுப்படிக்க வேண்டியவை என்று குறித்தவற்றில்கூட கறுப்பு விழவில்லை. அப்புறம் நீதிமன்றம் தலையிட்டு, அந்தத் தகவலைத் திரும்ப ஒப்படைக்கச் சொல்ல வேண்டி வந்தது.

பட்டியலின் அடியில் 'மொத்தம் இத்தனையில் 1 முதல் 1000' என்று சின்ன எழுத்தில் ஒரு வரி பொதுவாக எல்லா மென்பொருளிலும் இருக்கும். பத்து பேரை உட்காரவைத்தால் அதைப் பார்க்கிறவர் ஒருவர் இருந்தாலே அதிகம். ஆகவே எதிராளிக்கு அனுப்பப்போகும் தொகுப்பைத் தயாரிக்கும்போது நான் கேட்கும் எண்கள் மூன்று: ஏற்றியது எவ்வளவு, மனிதர் திறந்து பார்த்தது எவ்வளவு, வெளியே போவது எவ்வளவு. யார் எந்த ஆவணத்தை எப்போது திறந்தார் என்று மென்பொருள் பதிவு வைத்திருக்கும். அதைக் கேட்டு வாங்க வேண்டும். அடுத்து, வெளியே போகும் கோப்பைப் புதிதாக ஒரு கணினியில் திறந்து, எதிராளி பார்க்கிறபடியே பார்க்க வேண்டும்.

கறுப்படிப்பதிலும் இதே கதைதான். 2019 ஜனவரியில், டிரம்ப்பின் தேர்தல் பிரசார மேலாளராக இருந்த பால் மனஃபோர்ட்டின் வக்கீல்கள் வாஷிங்டன் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த மனுவில் சில பத்திகள் கறுப்பாக இருந்தன. நிருபர்கள் அவற்றை காப்பி செய்து வேறு இடத்தில் பேஸ்ட் செய்ததும், தேர்தல் கருத்துக்கணிப்பு விவரத்தை யாருக்குக் கொடுத்தார் என்பது உட்பட எல்லாம் படிக்கக் கிடைத்தன. கறுப்புப் பெட்டி மேலே உட்கார்ந்திருந்தது, எழுத்து அடியில் பத்திரமாக இருந்தது. நல்ல மென்பொருள் அந்தப் பக்கத்தைப் படமாக மாற்றி, எழுத்தையும் நீக்கிவிட்டுத்தான் வெளியே விடும். எக்செல்லில் மறைத்துவைத்த நெடுவரிசைகள் தனி ரகம். நான் அதை எப்போதும் தனியாக ஒருவரிடம் கொடுத்துத்தான் பார்க்கச் சொல்வேன்.

ரகசிய ஆவணம் ஒன்று தவறிப் போய்விட்டால் திரும்பக் கேட்க வழி உண்டு. அமெரிக்க சாட்சிய விதி 502(டி)யின்படி நீதிபதியிடம் முன்கூட்டியே உத்தரவு வாங்கி வைத்தால், தவறிக் கொடுத்ததால் ரகசிய உரிமை பறிபோகாது. ஒவ்வொரு பக்கத்திலும் அச்சிட்டிருக்கும் பேட்ஸ் எண்ணைச் சொல்லிக் கடிதம் எழுதினால் எதிராளி அதைத் திருப்பித் தரவோ, அழிக்கவோ, ஒதுக்கி வைக்கவோ வேண்டும். (அந்தப் பெயர் 19ஆம் நூற்றாண்டில் எட்வின் பேட்ஸ் செய்த கையால் அடிக்கும் எண் முத்திரை இயந்திரத்திலிருந்து வந்தது. காகிதம் போய்விட்டது, எண் மட்டும் நிற்கிறது.) ஆனால் எதிராளி படித்ததை மறக்க வைக்க எந்த விதியும் கிடையாது.

சிறு சட்ட அலுவலகம் நடத்துபவர், சென்னை: எந்த மென்பொருள் வாங்கலாம்?

வாங்க வேண்டாம், வழக்கு வரும்போது வாடகைக்கு எடுங்கள். பெரிய அமெரிக்க வழக்குகளில் அதிகம் கண்ணில் படுவது சிகாகோவின் ரிலேட்டிவிட்டி. எவர்லா, டிஸ்கோ போன்றவை பழகுவதற்குச் சுலபம். உங்கள் கட்சிக்காரர் மைக்ரோசாஃப்ட் அல்லது கூகுள் மெயில் வைத்திருந்தால் அதனுடன் வரும் பர்வ்யூ அல்லது வால்ட்டே சின்ன வழக்குக்கு முதல் கட்டத்தில் போதும்.

பல இடங்களில் கட்டணம் ஜிபி கணக்கில், மாதா மாதம். சுருக்கி வைத்த மெயில் கோப்பு விரிந்ததும் பெருத்துவிடும். பில் சுருங்கிய அளவுக்கா, விரிந்த அளவுக்கா என்று முதலிலேயே கேளுங்கள். வழக்கு முடிந்து தகவலை வெளியே எடுக்க என்ன செலவு என்பதைத்தான் நான் முதல் கேள்வியாகக் கேட்பேன். விற்பனையாளர்கள் டெமோவில் பெரும்பாலும், மோசடியில் சிக்கித் திவாலான என்ரான் என்ற அமெரிக்க கம்பெனியின் மெயில்களைத்தான் காட்டுவார்கள். 2003ல் அமெரிக்க எரிசக்தி ஆணையம் வெளியிட்ட, சுமார் 150 பேரின் ஐந்து லட்சம் மெயில்கள் அவை. இருபது வருஷமாக எல்லோரும் தேய்த்துப் பழகிய தகவல். எந்த மென்பொருளும் அதில் சிரித்த முகத்தோடுதான் நிற்கும். உங்களிடம் இருக்கும் கோணல் மாணல் ஸ்கேன்களைக் கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

பனியன் ஏற்றுமதியாளர், திருப்பூர்: அமெரிக்க பையர் எங்கள் மேல் அங்கே வழக்கு போட்டிருக்கிறார். "எதையும் அழிக்காதீர்கள்" என்று எங்கள் அமெரிக்க வக்கீல் கடிதம் அனுப்பியிருக்கிறார். ஆர்டர் பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில்தான். போனில் இடம் இல்லாமல் அவ்வப்போது அழிப்பது வழக்கம். இது அவ்வளவு பெரிய விஷயமா?

மிகப் பெரிய விஷயம். இதழைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் மெர்ச்சன்டைசர்கள் அத்தனை பேரின் போனிலும் தானாக மறையும் மெசேஜ் வசதி ஆன் செய்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நிறுத்துங்கள். வேலையை விட்டுப் போகிறவரின் போனையும் லேப்டாப்பையும் துடைத்து அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டாம்.

நியூயார்க்கில் லாரா ஸுபுலேக் என்ற பெண் ஊழியர், பெண் என்பதால் பாரபட்சம் காட்டினார்கள் என்று யுபிஎஸ் வங்கி மேல் வழக்கு போட்டார். வங்கித் தரப்பில் சில மெயில்கள் அழிக்கப்பட்டிருந்தன. நீதிபதி ஷிரா ஷைன்ட்லின், அழிந்த மெயில்கள் வங்கிக்கு எதிரானவை என்று ஜூரி ஊகித்துக்கொள்ளலாம் என்றார். 2005ல் ஜூரி கொடுத்த தொகை சுமார் 2.9 கோடி டாலர். 2015க்குப் பிறகு விதி கொஞ்சம் தளர்ந்தது. வேண்டுமென்றே மறைக்க அழித்ததாகத் தெரிந்தால்தான் அந்த ஊகம். ஆனாலும் 2023 மார்ச்சில் கூகுளே இதில் மாட்டியது. ஊழியர்களின் சாட் 24 மணி நேரத்தில் தானாக அழிய விட்டுவிட்டார்கள் என்று சான் பிரான்சிஸ்கோ நீதிபதி ஜேம்ஸ் டொனாட்டோ கண்டித்தார்.

இடம் இல்லை என்றால் புதிய போன் வாங்கிக் கொடுங்கள், பழையதைப் பூட்டி வையுங்கள். எந்த வழக்குச் செலவோடு ஒப்பிட்டாலும் அது மலிவு.

வாசகர், தஞ்சாவூர்: செயற்கை நுண்ணறிவு வந்தால் இந்த வேலை இருக்குமா? என் பேரன் இதில் இருக்கிறான்.

முதல் சுற்றுப் படிப்பு ஏற்கெனவே குறைந்துவிட்டது. இது நேற்று வந்த மாற்றமும் இல்லை. 2012 பிப்ரவரியில் நியூயார்க் நீதிபதி ஆண்ட்ரூ பெக், டா சில்வா மூர் வழக்கில், சுமார் 30 லட்சம் மெயில்களைக் கணினியைக் கொண்டு தரம் பிரிக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். 2016ல் பிர்ரோ வழக்கில் இங்கிலாந்தும் அதே வழியில் போனது.

அனுபவசாலி ஒருவர் கொஞ்சம் ஆவணங்களைப் படித்துக் குறிப்பார். அதைப் பார்த்து மென்பொருள், மற்றவற்றில் எது சம்பந்தப்பட்டதாக இருக்கும் என்று வரிசைப்படுத்தும். மேலே வருவதைப் படிக்கப் படிக்க வரிசை மாறிக்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் சம்பந்தமில்லாததாகவே வரும்; அங்கே நிறுத்திவிடுவார்கள். இப்போது சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகள் வந்த பிறகு, ஏன் இப்படிக் குறித்தேன் என்று காரணமும் எழுதிக் கொடுக்கிறது. காரணம் அழகாக இருப்பதாலேயே சரியாக இருக்க வேண்டியதில்லை. அதைச் சரிபார்ப்பது தனி உழைப்பு.

நிறுத்திய இடத்துக்குக் கீழே கிடப்பதில் என்ன இருக்கிறது? அதிலிருந்து மாதிரி எடுத்து மனிதர் படித்து, எவ்வளவு தப்பியது என்று கணக்குப் போட வேண்டும். நீதிபதி கேட்டால் அந்தக் கணக்கைத்தான் காட்ட முடியும். பேரன் அந்தக் கணக்கைப் போடவும், நீதிமன்றத்துக்குப் புரியும்படி எழுதவும் கற்றுக்கொள்ளட்டும். பேட்சைத் திறந்து டிக் செய்வதை மட்டும் நம்பி இருந்தால் எனக்குக் கவலைதான், ஐயா.

வழக்கறிஞர், மதுரை: இதெல்லாம் அமெரிக்காவுக்குச் சரி. நம் கோர்ட்டில் எனக்கு என்ன பயன்?

2015ன் வணிக நீதிமன்றச் சட்டம் வந்த பிறகு, வணிக வழக்குகளில் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 11ஆம் ஆணை மாறிவிட்டது. தன்னிடம் இருக்கும் சம்பந்தப்பட்ட ஆவணங்களைப் பட்டியலிட்டுக் கொடுக்க வேண்டும், தனக்குப் பாதகமானவை உட்பட. மின்னணுப் பதிவுகளும் அதில் சேர்த்தி. கட்சிக்காரரின் பத்து வருஷ மெயிலையும் நீங்கள் பார்க்காமல் எப்படிப் பட்டியல் போடுவீர்கள்?

மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020ல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது உங்களுக்குத் தெரியும். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியமின் 63ஆம் பிரிவுச் சான்றிதழில் ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும். கோப்பின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். ஒரே மெயில் நாற்பது பேரிடம் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ள ரிவ்யூ மென்பொருளும் இதையே பயன்படுத்துகிறது.

கட்சிக்காரர் போட்டோவை உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது சுருங்கி வரும், ஹாஷ் வேறாகிவிடும். பென் டிரைவில் அசல் கோப்பாகவே கொண்டுவரச் சொல்லுங்கள். மெயிலை பிரிண்ட் எடுத்து பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தால் எந்த சர்வர் வழியாக வந்தது என்ற விவரம் போய்விடும்; மெயில் கோப்பாகவே சேமிக்கச் சொல்லுங்கள். வாங்கிய அன்றைக்கே ஹாஷ் எடுத்து, தேதி போட்டு, ஃபைலில் குறித்து வையுங்கள். சான்றிதழில் இரண்டாம் பகுதியில் நிபுணர் கையெழுத்து வேண்டும், அவரையும் கடைசி வாய்தா வரை தேடாமல் முன்பே பேசி வையுங்கள்.